நடக்காத வேலையின் சேதி

இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்கள் செங்கல்லுக்குச் செங்கல் போட்டோ எடுத்துப் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள். போர்ட் பிளேரில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வேலையை என் அப்பாவின் கால்கள்தான் செய்தன.

அப்பா கட்டட கான்ட்ராக்டர். மரைன் ஹில்லில் குடியிருந்த ஒரு கடை முதலாளி, டாலிகஞ்சில் வாடகைக்கு விட வரிசை வீடு கட்டும் வேலையை அவரிடம் கொடுத்திருந்தார். முதலாளி கடையை விட்டு நகராதவர். அஸ்திவாரம் முடிந்தது, மெயின்லேண்டிலிருந்து சிமென்ட் கொண்டுவர வேண்டிய கப்பல் வரவில்லை. பத்துபஸ்தியில் வேறொரு கான்ட்ராக்டர் இந்த வேலை மேல் கண்ணாக இருந்தார். இது கைவிட்டுப் போனால் மூட்டை கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கே கப்பலேற வேண்டியதுதான் என்று அம்மா புலம்பினாள்.

அப்பாவோ தினமும் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு மேடேறிப் போய், முதலாளி வாசலில் நின்று ஒரே சேதியைச் சொல்வார்.

“இன்னிக்கும் காம் நடக்கல, சாப்.”

முதலாளியின் முகம் சுருங்கும். ஆனாலும் அப்பாவுக்கு டீ வரும், எனக்கு பிஸ்கட் வரும். நடக்காத வேலைக்கு எதற்கு பிஸ்கட் என்று விளங்காமலேயே தின்பேன்.

ஒருநாள் அப்பாவுக்குக் காய்ச்சல். தாய்மாமாவை அனுப்பினார்கள். பிஸ்கட்டை உத்தேசித்து நானும் போனேன். மாமாவுக்கு யார் முகமும் சுருங்கக் கூடாது.

“சுவர் எழும்பிருச்சு, சாப். ஏக்தம் பக்கா.”

முதலாளி பூரித்துப்போய் ஒரு பொட்டலம் அல்வா கொடுத்தார். உன் அப்பாவுக்குப் பேசத் தெரியவில்லை என்று மாமா வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தார். எனக்கும் வாய் நிறைய அல்வா, சரியென்றே பட்டது.

மறுநாள் காலை முதலாளி மனைவியோடு ஜீப்பில் வந்து இறங்கினார், சுவர் பார்க்க. அஸ்திவாரத்தின் மேல் ஓர் ஆடு மட்டும் எழும்பி நின்றது. மாமாவைக் காணோம். முதலாளி ஜீப்பில் ஏறி, பத்துபஸ்திக்கு விடச் சொன்னார்.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு அப்பா போர்வையோடு வந்து ஜீப்பின் முன்னால் நின்றார்.

“நேத்தும் காம் நடக்கல, சாப். இன்னிக்கும் நடக்காது.”

முதலாளி ஜீப்பிலிருந்து தலையை நீட்டினார்.

“போய்ப் படுய்யா. இனிமே சேதி சொல்ல நீயே வா.”

ஜீப் பத்துபஸ்திக்குப் போகாமல் மரைன் ஹில்லுக்கே திரும்பியது.

காய்ச்சல் விட்டதும் அப்பா மறுபடி மேடேறினார், அதே சேதியோடு. அன்று முதல்முறையாக அவருக்கு நாற்காலி போட்டார்கள். நல்ல சேதி கொண்டுவந்தவர் மாமா. நாற்காலி ஏன் அப்பாவுக்கு என்று எனக்கு ஒரே குழப்பம். அதைக் கேட்க வாயெடுத்தேன். இரண்டாவது பிஸ்கட் வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன்.