புளி போட்டுத் துலக்கிய வளையல்

கரும்பைக் கட்டாகக் கட்டப் பச்சைத் தோகையைத்தான் முறுக்குவார்கள். காய்ந்தது படக்கென்று ஒடிந்துவிடும். வாழைநாரை நனைத்தால்தான் பூக்கட்ட வரும். பாகூரில் பிறந்த பெண்ணுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நல்ல பொன்னும் வளைந்து கொடுக்கும், செம்பு ஏறினால்தான் விறைத்துக்கொள்ளும் என்பது மட்டும் ஏழு வயதில் எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாயார் பெண்ணின் வளையலை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தாள். அது முட்டை மாதிரி கோணிக்கொண்டது. அட பாவமே, இவர்கள் மானம் போயிற்று என்று நான் பதைத்தேன். மாப்பிள்ளை வீட்டாரோ சிரித்த முகமாகச் சந்தனம் எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களுக்குப் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷமே என் அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, கரையாம்புத்தூரில் இடம் அமைந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மேரி என்ற பிரெஞ்சு நகராட்சி அலுவலகத்தில் சேவகம் பார்த்தவர். பொன்னில் குறை என்று, மூத்த மகனுக்குப் பார்த்த பெண்ணைப் பந்தலிலேயே வேண்டாம் என்றவர். எங்களுக்கோ வெள்ளத்தில் கரும்பெல்லாம் அழுகிப்போன வருஷம்.

முகூர்த்தத்துக்கு முன்னால் அவர் கூடத்தில் காத்திருக்க, அவர் மனைவி உள்ளே வந்து அத்தையின் வளையலைக் கழற்றி அழுத்தினாள். வளையவில்லை. முகம் சிவக்க மறுபடி அழுத்தினாள். ஊஹூம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பா மட்டும் ஏனோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தை தலையைத் தூக்கவே இல்லை.

அந்த அம்மாள் அத்தையையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு வளையலை அவள் கையிலேயே மாட்டிவிட்டு, கூடத்துப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"பொன்னு நல்ல பொன்னுதான். இன்னும் இன்னா ஒக்காந்துனு இருக்கீங்க? மேளக்காரன வாசிக்கச் சொல்லுங்க."

தாலி ஏறியது.

சில மாதம் கழித்து அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். கொல்லையில் அந்த அம்மாள் புளியைக் கரைத்துவைத்துக்கொண்டு அத்தையின் வளையல்களைத் துலக்கிக்கொண்டிருந்தாள். கருத்துக் கிடந்தவை ஒவ்வொன்றாகப் பளபளத்தன. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு வர்றதுக்குள்ள முடிக்கணும்டி" என்றாள்.

எங்கள் வளையல்மேல் அவளுக்குத்தான் எவ்வளவு ஆசை! ஊர் திரும்பியதும் அப்பாவிடம் அதை ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். நல்ல சேதியைக்கூட முழுதாகக் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்குக் கோபமாக வந்தது.