அப்பா மூச்சு வாங்கிய நேரம்

இன்று காலை கள்ளக்குறிச்சி மைதானத்தில் ஓடி முடித்த ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாள். "உக்காராதடி, மெதுவா நட" என்றேன். நான் உடற்கல்வி ஆசிரியை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. "டீச்சர்... பேச... முடியல" என்றாள். அந்நேரம் பார்த்து ஆலைக்குப் போகும் கரும்பு லாரி ஒன்று சாலையில் கடந்தது. அந்தப் புளித்த இனிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பாவுக்குக் கரும்பு லோடு ஏற்றும் வேலை. கரும்புக் கட்டைத் தலையில் வைத்து, சாய்த்த பலகைமேல் ஏறி, லாரிக்குள் போட்டுவிட்டு இறங்குவார். இறங்கியதும் புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கும். வாய் பேசாது, தலை மட்டும் ஆடும். எங்கள் வீட்டில் காரியம் சாதிக்க அதுதான் நேரம். "இப்ப போயி கேளுடி, வேணாம்னு சொல்ல அவருக்கு மூச்சு இருக்காது" என்று அம்மா என்னைத் தள்ளிவிடுவாள். கொலுசு, திருவிழா வளையல், பள்ளிச் சுற்றுலா எல்லாம் அப்படி வந்தவைதான். சுற்றுலா பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தேன், அதை விடுங்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்க இடம் கிடைத்தபோதும் கரும்புக் காட்டுக்கே ஓடினேன். என் கெட்ட நேரம், பெரியப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சை அப்பா ஒருநாளும் மீறியதில்லை.

"பொட்டப் புள்ளைக்கு ஓட்டம் இன்னாத்துக்கு? வூட்டு ஆட்டத் தொரத்தினு ஓடட்டும், போதும்" என்றார் பெரியப்பா.

அப்பா கட்டைப் போட்டுவிட்டு இறங்கினார். "போவட்டாப்பா?" என்றேன். தலை ஆடியது.

"டேய், வாயத் தொறந்து சொல்றா!"

அப்பா பொறு என்று கையைக் காட்டிவிட்டு மூச்சு வாங்கினார். வாங்கிக்கொண்டே இருந்தார். பெரியப்பா பீடி பற்றவைத்து, குடித்து முடித்து, சலித்துப்போய் எழுந்து போகும்வரை வாங்கினார். மறுநாளே நான் பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு கல்லூரியில் ஒரு பாடம் வந்தது. வேலையை நிறுத்தினாலும் மூச்சு வாங்குவது உடனே நிற்பதில்லை. உடம்பு பழைய நிலைக்கு வரும்வரை கொஞ்ச நேரம் வேகமாகவே ஓடும். ஆனால் பழகிய உடம்பில் சீக்கிரம் அடங்கிவிடும். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டேன். தினமும் லோடு ஏற்றுகிற மனிதருக்கு ஒரு கட்டுக்கு அவ்வளவு நேரமா?

லீவில் போனதும் கேட்டேன். அப்பா சிரித்தார்.

"அது எப்பவோ அடங்கிடுச்சு பாப்பா. அண்ணன் எதிருல சரின்னு எப்டி சொல்றது? அதான் சும்மா வாங்கினு இருந்தேன்."

"அப்ப அந்த வளையலு?"

"அதுவுந்தான்."

இப்போது அந்தக் காட்டில் இயந்திரமே கரும்பை வெட்டுகிறது, அதுவே ஏற்றுகிறது. பலகை இல்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்குவதும் இல்லை. டவுனுக்கு வந்து என்னோடு இருங்கள் என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறேன். ஒரு எழுத்து விடாமல், நிதானமாக, வாயைத் திறந்து சொல்கிறார்: "வேணாம் பாப்பா."