அத்தா சொன்ன வருஷம்

போன வாரம், அரை நிமிஷம், என் தகப்பனாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நம்பினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் வாராவாரம் படிக்கும் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அத்தாவுக்கு வயது அறுபத்தெட்டு. ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்), பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது நாற்பது வருஷமாக அவர் வேலை. புது மேனேஜரைப் பழைய மேனேஜர் பெயரால் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். போதாதா? புத்தி தெளிவு என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா, இல்லாவிட்டால் வீட்டோடு இரு என்று உத்தரவாகிவிட்டது.

வேலூருக்கு ரயிலில் கூட்டிப் போனேன். டாக்டர் இந்தப் பக்கத்துக்குப் புதுசு. வயதைக் கேட்டு எழுதினார். படிப்பு? ஸ்கூல் பக்கமே போனதில்லை என்று நான்தான் சொன்னேன். 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று இங்கிலீஷில் குறித்துக்கொண்டு, வயதும் ஏறி, படிப்பும் இல்லாவிட்டால் மறதி சீக்கிரம் வரும் என்று அதே இங்கிலீஷில் சொன்னார். நானும் மெட்ரிகுலேஷன் பாஸ் பண்ணிய தோரணையில் தலையாட்டினேன்.

பிறகு பரீட்சை. இன்று என்ன தேதி?

"பதினாலு."

சுவரில் காலண்டர் 1934 அக்டோபர் இருபத்துமூன்று காட்டியது. டாக்டர் என்னைப் பார்த்தார். சரி, என்ன வருஷம்?

"ஆயிரத்து முந்நூத்தி அம்பத்து மூணு."

வேலையும் போச்சு... மனுஷரும் போய்விட்டார்! டாக்டர் பேனாவை மூடிவிட்டு, மாசமாவது ஞாபகம் இருக்கிறதா என்று இரக்கமாகக் கேட்டார்.

"ரஜப்."

அட, என் மரமண்டையே! ஹிஜ்ரி கணக்கு! எங்கள் இஸ்லாமிய காலண்டரில் அன்று அதே தேதி, அதே வருஷம்தான். எங்கள் வீட்டில் நோன்பு, கல்யாணம் எல்லாமே பிறை பார்த்துத்தான். அதை மறந்தவன் நான். எழுந்து நின்று விளக்கினேன். அத்தா அரபுத் தமிழ் — அரபி எழுத்தில் எழுதிய தமிழ் — தடங்கலில்லாமல் படிப்பார் என்றும் சொன்னேன். அதைப் படிப்பு என்று முதலிலேயே சொல்ல எனக்கு ஏன் தோன்றவில்லை?

அத்தா பதறவே இல்லை. "ஷாப்புக்கு உங்க கணக்கு, மத்ததுக்கெல்லாம் எங்க கணக்கு. எதுன்னு நீங்க கேக்கலியே டாக்டர்?"

டாக்டர் சிரித்துவிட்டார். பெரிய மனசு அவருக்கு. 'நில்'லை அடித்துவிட்டு, 'இரண்டு காலண்டர் அறிந்தவர், புத்தி தெளிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவர் என் அத்தா என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லலாம் போல இருந்தது.

வயதையும் படிப்பையும் வைத்து மறதியை அளக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எது படிப்பு என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஸ்டேஷனில் அத்தா கையை நீட்டினார். "சர்டிபிகேட் எங்கடா?"

டாக்டர் மேஜை மேலேயே விட்டு வந்திருந்தேன். வயது நாற்பது, படிப்பு — மெட்ரிகுலேஷன்!