ரைட்டு வீட்டு மாமரத்தடி

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. முப்பத்தோரு வருடம் பேருந்தில் நடத்துனராக நின்று ‘ரைட்டு, ரைட்டு’ என்று குரல் கொடுத்ததில், அந்தப் பெயர் எங்கோ பாதி வழியில் இறங்கிப் போய்விட்டது. சாப்பிட வாங்க என்றாலும் ரைட்டு, மழை வருது என்றாலும் ரைட்டு. தெருவில் எல்லோருக்கும் அவர் ரைட்டுதான்.

ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் மனைவிக்குத் தலைவலி ஆரம்பித்தது. மனிதர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் ட்ரிப் அடித்துக்கொண்டே இருந்தார். போகிற போக்கில் உப்பு டப்பாவை வேறு இடம் மாற்றி வைத்தார்.

“என்னங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும். மாமரத்தடி சும்மாதானே கெடக்கு? நாலு செடி வைங்களேன்.”

“ரைட்டு!”

வீட்டின் பக்கவாட்டில் நின்ற மாமரம் அது. அடர்ந்த கிளை, கீழே புல்கூட முளைக்காத மண். ரைட்டு நேராக நர்சரிக்குப் போய், பார்த்தவுடன் மனசுக்குப் பிடித்த மூன்று ரோஜாவும் இரண்டு செம்பருத்தியும் தூக்கிக்கொண்டு வந்தார். மண்வெட்டியைப் போட்டதும் ‘ணங்’ என்று வேர் தடுத்தது. விடுவாரா? மணிக்கட்டு கனத்தில் ஒரு வேரை வெட்டியே எறிந்தார்.

மூன்றே வாரம். ரோஜா மொட்டெல்லாம் உதிர்ந்தது. செம்பருத்தி, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறவர்கள் மாதிரி வெளிச்சம் இருந்த பக்கமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. பாவம் தாகம் போல என்று இன்னும் தண்ணீர் ஊற்றினார், இலை மஞ்சளாயிற்று. வேர் வெட்டிய பக்கம் மாமரமும் இலையைக் கொட்டியது.

“ஒரு பாசஞ்சரைக்கூட நான் வழியில விட்டதில்ல. அஞ்சு செடியக் காப்பாத்த முடியலையே!” என்று மனைவியிடம் புலம்பினார். பிறகு நர்சரிக்கே போய் முறையிட்டார்.

நர்சரிக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அண்ணே, அங்க வெயில் எவ்வளவு நேரம் விழுது?”

ரைட்டுக்குத் தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் ஸ்டூலைப் போட்டு மரத்தடியில் உட்கார்ந்தார். கையில் நோட்டு. ‘வடக்கு மூலை: வருகை 7.40, புறப்பாடு 8.15. சுவரோரம்: வருகை 4.30, புறப்பாடு 4.45.’ பொழுது சாயும்வரை காத்திருந்தும் வேறு வெயில் வரவில்லை.

நோட்டைப் படித்த நர்சரிக்காரர் சிரித்தேவிட்டார். “மொத்தமே அம்பது நிமிஷம். இதுல ரோஜா எப்படிண்ணே பொழைக்கும்? நிழலுக்குப் பூவப் பாத்து வாங்கக் கூடாது, இலையப் பாத்து வாங்கணும். பெரணி, கலேடியம், பூவே வேணும்னா பீஸ் லில்லி. ஆனா இப்ப எதுவும் வாங்காதீங்க. உங்க மாடி வீட்டு டீச்சர் இதையெல்லாம் மொட்டை மாடியில வச்சுட்டு, வெயில்ல கருகுதுன்னு போன வாரம் இங்க வந்து அழாத குறை. அவங்ககிட்ட பேசிப் பாருங்க.”

அதுதான் சிக்கல். கணக்கு டீச்சரோடு ரைட்டு பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. டீச்சர் செடித் தொட்டிகளுக்கு ஊற்றிய தண்ணீர் மாடிக் குழாய் வழியாக, மரத்தோரம் ரைட்டு கட்டியிருந்த துணிக்கொடியில் செம்மண்ணோடு இறங்கியிருந்தது. கீழேயிருந்து இவர் கத்த, “கொடியத் தள்ளிக் கட்டத் தெரியாதா?” என்று மேலேயிருந்து அவர் கேட்க, அதோடு சரி.

மாடிப்படியில் பாதிவரை ஏறி இரண்டு முறை இறங்கி வந்தார். மூன்றாவது முறை அவர் மனைவி ஒரு வாடிய ரோஜாவை மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துக் கையில் கொடுத்தார். “இதோட போங்க. பேச்சு தானா வரும்.”

கதவைத் திறந்த டீச்சர் கையில் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள். “நீங்களா?”

ரைட்டு தொட்டியை நீட்டினார். “டீச்சர், இது வெயில் கேக்குது. எங்கிட்ட வெயில் இல்ல.”

டீச்சர் ரோஜாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “சார், எங்கிட்ட வெயிலத் தவிர வேற எதுவுமே இல்ல” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று சாயங்காலமே இடமாற்றம் நடந்தது. ரோஜாவும் செம்பருத்தியும் மேலே போயின. ஓரம் கருகிய பெரணிகளும், இலையில் ஓட்டை விழுந்த கலேடியங்களும், இரண்டு பீஸ் லில்லியும் கீழே வந்தன. இந்த முறை மண்வெட்டி இல்லை. கையாலேயே மண்ணைத் துழாவி, வேருக்கும் வேருக்கும் நடுவே இருந்த சந்துகளில் ஒவ்வொன்றாக உட்கார வைத்தார். உதிர்ந்த மாவிலையைக் கூட்டாமல் மேலேயே பரப்பினார்.

டீச்சர் படியில் நின்று அளவு சொன்னார். “அந்தப் பெரணி கொஞ்சம் லெஃப்ட்டுல போகட்டும்.”

“ரைட்டு.”

“லெஃப்ட்டு சார்!”

“ரைட்டு டீச்சர்.”

“ஐயோ, லெஃப்ட்டுன்னு சொன்னா ரைட்டுங்கறீங்களே!”

ஜன்னலோரம் நின்ற ரைட்டின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கொடியை ரைட்டு தானாகவே பின்பக்கம் மாற்றிக் கட்டினார். மாடிக் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் பெரிய பெரணியை வைத்தார்.

எல்லாம் தளிர்த்து வந்த நேரத்தில் கலேடியம் ஒவ்வொன்றாகப் படுத்தது. ரைட்டு மாடிக்கு ஓடினார். “டீச்சர், போச்சு! எல்லாம் போச்சு!”

“போகல சார். அடியில கிழங்கு இருக்கு. வருஷா வருஷம் அதுக்கு லீவு. தோண்டிக் கீண்டிப் பாத்துடாதீங்க.”

ரைட்டு மண் படிந்த விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கீழே வந்ததும் முதல் வேலையாகக் கிழங்குகளைத் திருப்பிப் புதைத்தார். மழை தொடங்கிய பத்தாம் நாள், சுருட்டிய காகிதம் போல சிவப்பு முனைகள் எட்டிப் பார்த்தன. அதைக் காட்ட எதிர் வீட்டிலிருந்த என்னைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் பெரணிக்கு அடியில் ஒரு தவளை குடி வந்திருக்கிறது. அதைப் பார்த்த ரைட்டின் மனைவி அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்து, “அதை மொதல்ல வெரட்டுங்க!” என்றார்.

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர் ரைட்டு சொல்லவில்லை. “முடியாதும்மா. அது நம்ம தோட்டத்த நம்பி வந்திருக்கு” என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.