தலைக்கு மேல் ஒரு மீன்

எனக்கு எட்டு வயதில், ஒரு மே மாதம் முழுக்க அத்தையோடு பனியன் கம்பெனிக்குப் போனேன். பள்ளிக்கூடம் லீவு; அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அத்தை முதலிபாளையத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் தையல் லைனுக்குச் சூப்பர்வைசர். துணிக் குவியலின் மேல் படுத்துக்கொண்டால் மெஷின் சத்தம் தூரத்து மழை போலக் கேட்கும். வெயில் கீற்றில் பஞ்சுத் தூசு மிதக்கும். அந்த நாட்களில் பாதி, நான் தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அப்போதுதான் ஒடிசாவிலிருந்து நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். மற்ற சூப்பர்வைசர்கள் அவர்களை மூணாம் மெஷின், பச்சைச் சுடிதார் என்றே கூப்பிட்டார்கள். அத்தைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பேரையே மாற்றிச் சொல்லுகிறவள் அவள். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். பேரைக் கேட்டதும் அதற்கு ஒரு படம் யோசித்து, அந்தப் பெண்ணின் தலைமேல் வைத்துவிட வேண்டும். படம் யோசிப்பது என் வேலை.

பூர்ணிமாவுக்கு நிலா. ஜமுனாவுக்கு ஓடுகிற ஆறு. பாசந்திக்கு ஒரு கிண்ணம் பாசந்தி. சாப்பாட்டு மணி அடித்ததும் நிலாவும் ஆறும் கிண்ணமும் வரிசையாகக் கைகழுவப் போகும். நான் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் மெஷின்காரி ஒல்லியாக இருந்தாள். "தும்ஹாரா நாம் க்யா, கண்ணு?" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அத்தை பேர் கேட்டபோது, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "மினதி" என்றாள் மெதுவாக. அவள் தலையில் ஒரு மீனை வைத்தேன். அதைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் மெஷின் பக்கம் போனால் அத்தை அவளைச் சுமித்ரா என்று கூப்பிடுவாள். அத்தைக்குத்தான் மறதி என்று நினைத்து, நான் தினமும் திருத்தினேன்.

மாதக் கடைசியில், பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வந்தது. அதுவரை பூட்டிக் கிடந்த குழந்தைகள் அறையைத் திறந்து, புதுப் பொம்மைகளைப் பரப்பி, என்னை உட்கார வைத்தார்கள். அங்கே இருந்த ஒரே குழந்தை நான்தான். ஆடிட்டுக்கு வந்த அம்மா குனிந்து, என்னென்ன விளையாடுவாய் என்று கேட்டாள். எனக்கு நாற்பது பேருடைய பேரும் தெரியும் என்றேன். கண்ணாடிச் சன்னல் வழியாக லைனைக் காட்டி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த பட்டியலில் விரல் கூடவே நகர்ந்தது. நாலாவதில் நின்றது.

"சுமித்ரான்னு இருக்கேம்மா?"

"இல்லீங்க. மினதி. நல்லாக் கேட்டுப் பாருங்க."

அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கிளம்பினோம். பாதி வழியில் அத்தை கேட்டாள்: "அவுங்க கேட்டாங்களா, நீயாச் சொன்னியா?"

"நானாத்தாங்க அத்தை சொன்னேன். ஒண்ணுகூடத் தப்பில்ல."

"ஆமா கண்ணு. ஒண்ணுகூடத் தப்பில்ல."

எனக்குப் பெருமையாக இருந்தது.

மினதிக்கு அப்போது பதின்மூன்று வயது என்றும், கம்பெனியில் கொடுத்திருந்தது அக்கா சுமித்ராவின் அடையாள அட்டை என்றும் அத்தை சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். மறுநாளே ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். வேலைக்கு வைத்திருக்கக்கூடாத வயது; அனுப்பியது சட்டப்படி சரிதான். ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் போனாளா, வேறெங்காவது வேறு பேரில் மெஷினில் உட்கார்ந்தாளா, அத்தைக்கும் தெரியவில்லை.

ஆனால் அந்த வாரம் எனக்குத் தெரிந்ததெல்லாம், நாலாம் மெஷினில் ஒரு புதுப் பெண் வந்து உட்கார்ந்தாள் என்பதுதான். மதியம் ஓடிப்போய் அவள் பேரைக் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் பூர்ணிமா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். புதுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரொம்ப வெட்கப்படுகிற பெண் போல என்று நினைத்துக்கொண்டு, நாளைக்குக் கேட்கலாம் என்று திரும்பி வந்தேன்.