விண்டோஸில் மட்டும் சிவப்பு

ஏலக்காய் விளைச்சலைக் கணிக்கும் புள்ளியியல் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அது லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் தானாகவே சோதிக்கப்படும். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. எனக்கு வாரக்கணக்கில் விண்டோஸில் மட்டும் சிவப்பு.

அன்று செடிகளை அளவெடுக்க, காய் பறிக்கும் பெண்களோடு ஜீப்பில் குரங்கணி மலைக்கு மேலே போயிருந்தேன். சாயங்காலம் சிக்னல் கிடைத்த பாறையில் உட்கார்ந்து பார்த்தால் மறுபடியும் சிவப்பு. எரிச்சலில், “விண்டோஸில் இயங்காது” என்று ஒரு வரி எழுதினேன்; அப்படியே வெளியிட்டுவிடலாம் என முடிவுசெய்தேன். நிமிர்ந்தபோது ஜீப் கிளம்பும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

மூடுபனிக்குள் விழுந்தடித்து ஓடினேன். ஜீப் நின்றுகொண்டிருந்தது. கீழே சிலமலை ஊரில் கைக்குழந்தையை விட்டுக் காய் பறிக்க வந்திருந்த செல்வி அக்காவும் போகாமல் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

“எனக்காகவா நிக்கிறீங்க? போயிருக்கலாமேக்கா.”

“நல்லா இருக்கே! கூட வந்ததுல ஒரு ஆளு குறைஞ்சாலும் ஜீப்பு எறங்காது. வெரசா ஏறு ஆத்தா” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

யாரும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை அழித்தேன். மறுநாள் முழுக்கத் தேடிப் பிழையைப் பிடித்தேன். மூன்றாவது பச்சை வந்தபோது, யாரோ மூச்சிரைக்க ஓடிவந்து ஜீப்பில் ஏறியதுபோல் இருந்தது. என்னை அறியாமல் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.