நான் வரையாத மரம்

அவளும் நானும் மத்திகிரியில் ஒரே அறையில் ஒன்றரை வருடம் இருந்தோம். செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில், ஒரே லைனில் வேலை. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். அவளுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் குருபரப்பள்ளி. அவளுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுவாள், லைனில் பக்கத்துப் பெண்களோடு கன்னடம், என்னோடு தமிழ். என்னைவிட இரண்டு வயது சின்னவள் என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள்.

கம்ப்யூட்டர் வகுப்பில் சேரலாம் என்று ஆரம்பித்தது நான்தான். லைனில் முப்பதைத் தாண்டிய பெண் யாரையும் நான் பார்த்ததில்லை. எனக்கு அப்போது இருபத்தேழு. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் சென்டர் இருந்தது. முதல் ஷிப்ட் மதியம் இரண்டு மணிக்கு முடியும். கம்பெனி பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, சாப்பிடாமல்கூட வகுப்புக்கு ஓடுவோம். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நாங்கள் இருவரும் ஒன்றில் உட்கார்ந்தோம்.

மூன்றாவது மாதம் ரிகர்ஷன் பாடம் வந்தது. ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுவது. சார் போர்டில் எழுதி இரண்டு முறை விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை. திரையில் ஒரு சின்ன அம்பு நடந்துபோய்க் கோடு போடும். அதை வைத்து ஒரு மரம் வரையச் சொன்னார். நான் எழுதியதை ஓட்டினால் அம்பு இடது பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுருண்டது. பிறகு திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி.

அவள் எட்டிப் பார்த்தாள். "எங்க நிக்கணும்னு நீங்க சொல்லவே இல்லீங்க்கா. அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்குது."

"மரம் முழுசையும் எப்படிப் பிள்ள நெனச்சு நெனச்சு எழுத?"

"முழு மரத்த எதுக்கு நெனைக்கறீங்க? கிளைன்னா என்ன? ஒரு கோடு. அது முனையில அதவிடச் சின்னதா ரெண்டு கிளை. அவ்ளோதான். ரொம்பச் சின்னதாயிட்டா நின்னுக்கன்னு சொல்லிடணும்."

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து ஏழெட்டு வரிகள் அடித்தாள். அம்பு நடந்தது, பிரிந்தது, திரும்பி வந்து மறுபடி பிரிந்தது. மரம் வந்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். லைனில் எட்டு மணி நேரம் லென்ஸுக்குக் கீழே குனிந்திருக்கும்போது ஒருநாளும் பார்க்காத முகம் அது.

கடைசியில் ஆளுக்கொரு புராஜெக்ட் செய்ய வேண்டும். நான் பனித்துகள் போல ஓரங்கள் உடைந்துகொண்டே போகும் முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதுவும் பாதியில் நின்றது. அவள் தன் மரத்தைக் காற்றில் ஆட வைக்கப் போவதாகச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி முழு மரத்தையும் அழித்து வரைய வேண்டும். பழைய கம்ப்யூட்டர், திணறியது. வரைவதை மறைத்துவைத்து முழுப் படத்தையும் ஒரே தடவையில் காட்டும் வழியைத் தானே கண்டுபிடித்தாள். அப்போதும் மரம் மொத்தமாகப் பலகை போல ஆடியது. ஒரு வாரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் என் தோளை உலுக்கினாள்.

"அக்கா, அடிமரம் ஒரு துளிதான் சாயணும். அதுமேல இருக்கற கிளை இன்னொரு துளி. ஒண்ணுமேல ஒண்ணா ஏறிக்கிட்டே போவும். நுனிக்கு வர்றப்ப எல்லாச் சாய்வும் சேந்துடும். அதனாலதான் நுனி அவ்ளோ ஆடுது!"

அன்று மாலை அந்த மரம் ஆடியது. பக்கத்து மேசைக்காரர்கள்கூட எழுந்து வந்து பார்த்தார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அதைப் பொறாமை என்று சொல்ல அப்போது எனக்கு மனம் வரவில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருவதாகச் சார் சொன்னார். புராஜெக்டைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இருவரும் லீவு கேட்டோம். ஒரே லைனில் இரண்டு பேரை விட முடியாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"நீங்க எடுத்துக்கங்க. உங்களுக்குத்தான் படிச்சுப் பாக்க நேரம் வேணும். நான் ஷிப்ட் முடிஞ்சு ரெண்டரைக்கு வந்துடறேன்" என்றாள்.

ஒன்றரை மணிக்கு, லாக்கர் அறையிலிருந்து போன் செய்தாள். "அக்கா, அடுத்த ஷிப்டுல ரெண்டு பேரு வரல. நிக்கச் சொல்லிட்டாங்க. என் மரத்த அவங்களுக்குக் காட்டி, இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. காட்டத்தான் திறந்து வைத்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, ஆடிக்கொண்டிருந்த மரத்தைப் பார்த்தார்.

"நல்லாருக்கே. நீங்க பண்ணதா?"

"ஆமா சார்" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை என்று சில வருடம் எனக்கே சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடுத்த கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொன்னேன். நுனி மட்டும் ஏன் அதிகம் ஆடுகிறது என்று கேட்டார். ஒரு துளி, அதன்மேல் இன்னொரு துளி என்று அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். எங்கள் சார் கதவோரம் நின்றிருந்தார். அது யாருடைய மரம் என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார், பிறகு தன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் அன்று யாராவது ஒருவர் தேறியாக வேண்டும்.

இரவு பத்தரைக்கு அவள் கம்பெனி யூனிஃபார்மோடு அறைக்கு ஓடி வந்தாள். "காட்டினீங்களா?"

"காட்டுனேன். இன்னொரு நாள்லாம் வர மாட்டாங்களாம். ஆள் எடுத்து முடிஞ்சிருச்சாம்."

"உங்களுக்கு?"

"எனக்குக் கெடச்சிருக்கு."

என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் மீது சோல்டரிங் புகை வாடை அடித்தது. நான் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

நான்கு நாள் கழித்து வகுப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அவளுடைய மரம், பக்கத்தில் என் போட்டோ, கீழே வாழ்த்து. அவள் சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டினாள்.

"நுனி ஏன் ஆடுதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"சரியாச் சொன்னீங்களா?"

"நீ சொன்ன மாதிரியே."

"சரி" என்றாள். தட்டைக் கழுவி வைத்தாள். கத்துவாள் என்று இரவு முழுக்கக் காத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வண்டி எடுத்து வந்து பெட்டியை ஏற்றிப் போனான். வீட்டிலிருந்தே வேலைக்குப் போகிறாளாம், கிருஷ்ணகிரிப் பக்கமும் கம்பெனி பஸ் வருகிறதாம். வகுப்புக்கு அதன்பிறகு அவள் வரவில்லை.

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருடம் திணறினேன், பிறகு கற்றுக்கொண்டேன். இப்போது மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் பிழை பார்த்துச் சொல்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வருடம் குருபரப்பள்ளிக்குப் போனேன். ஹைவே ஓரம், இளநீர்க் கடைக்குப் பக்கத்தில், இரண்டாவது ஷிப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். கழுத்தில் அதே கம்பெனியின் அடையாள அட்டை. இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. "நல்லாருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்க வரும் வழியெல்லாம் வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, "எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்காங்க. உனக்காக நான் சொல்லுதேன்" என்றேன்.

"என்னான்னு சொல்லுவீங்க?"

கேட்டுவிட்டு அவள் காத்திருந்தாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

பஸ் வந்தது. "வர்றேங்க்கா" என்று ஏறிக்கொண்டாள். என் பக்கம் ஜன்னலோரம் இடமிருந்தும் மறுபக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் ஆபீஸில், அது யாருடைய மரம் என்று சொல்ல, மேனேஜர் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் தனியாகத்தான் இருந்தார். "என்ன விஷயம்?" என்று நிமிர்ந்து கேட்டார். அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு வேண்டும் என்றேன். சரி என்றார்.